இரண்டு லென்ஸுக்கு நடுவே ஒரு முகம்

"அசையாதீங்க" என்றேன்.

சண்முகம் அசையவில்லை. கல்கத்தா பெஹாலாவில் எங்கள் வீட்டின் வடக்கு ஜன்னலோரம் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்மண்டை ஒட்டடைக் கம்பில் சாய்ந்திருந்தது. அந்தக் கம்பு என் ஏற்பாடு. நாற்காலியின் முதுகில் அதைக் கயிறு போட்டுக் கட்டி, உச்சியில் பழைய துண்டைச் சுற்றிவைத்தால், உட்கார்ந்திருப்பவரின் தலை ஆடாது.

எதிரே முக்காலியில் என் பெரிய கேமரா. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது துருத்தி வைத்த ஒரு மரப்பெட்டி. முன்னால் லென்ஸ், பின்னால் கண்ணாடி, தலைக்கு மேல் கறுப்புத் துணி. ஒரு படத்துக்கு ஒரு ஃபிலிம் தாள். உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அடுத்து மாட்ட வேண்டியது மேஜைமேல் இருந்தது. அப்போதுதான் அவர் மடியில் கிடந்த ஃபோன் அடித்தது.

தலையை அசைக்காமல் எடுத்துக் காதில் வைத்தார். "ஹ்யாங்… ஹ்யாங்… டிக் ஆச்சே" என்று வங்காளத்தில் ஆமாம், சரி என்பதாக நாலு வார்த்தை. பிறகு ஃபோனை மறுபடி மடியில் வைத்தார்.

"யாரு?"

"ஆஸ்பத்திரி. பெட் காலியாயிட்டாம். வியாழக்கிழமை இல்லையாம், நாளைக்கே வெட்டுதாங்களாம். நாலு மணிக்குள்ள வந்து சேரச் சொல்லுதாங்க."

அதற்கு நான் சொன்ன பதில்தான் முதல் வரியில் இருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் கூட இருந்த மனுஷனிடம், அந்தச் சேதியைக் கேட்ட நிமிஷத்தில், நான் சொன்னது அது. இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் தலையை நிறைய உருட்டியிருக்கிறேன். இந்த வாரம் என் தலை.

கோடு உடையக்கூடாது

நான் வேலை பார்த்தது வரைபடம் அச்சிடும் ஓர் அரசு அலுவலகத்தின் கேமரா அறையில். அங்கே இருந்த கேமரா ஓர் ஆட்டோ அளவு இருக்கும். கையால் வரைந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டி, அதைப் படமெடுத்து அச்சுத் தகட்டுக்கு அனுப்புவோம். நதி, எல்லை, ரயில் பாதை எல்லாம் முடி கனத்தில் கோடுகள். ஒரு கோடு ஓர் இடத்தில் உடைந்தால்கூட மொத்தத் தாளும் குப்பை.

திங்கட்கிழமைதோறும் முதல் வேலை லென்ஸ் சோதனை. கோடுகள் நெருக்கமாக அச்சிட்ட அட்டையைப் படமெடுத்து, உருப்பெருக்கியை வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்க்க வேண்டும். சோதிக்காமல் வேலையை ஆரம்பித்தவரை எங்கள் அதிகாரி நிற்க வைத்துத் திட்டுவார். இப்படி இருபத்தாறு வருஷம்.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. சொந்தமாக ஒரு பெரிய கேமரா வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனை. சோதனைக்கு எதிரில் ஒரு பொருள் வேண்டுமே? சண்முகம் இருந்தார்.

கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்துவிடுவேன். எந்த லென்ஸ், வெளிச்சம் நுழைய எவ்வளவு திறப்பு என்று அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். நான் எழுத்தின் மேல் கூர்மை வைப்பேன். அதனால் எங்கள் வீட்டு நெகட்டிவ் பெட்டியில் முப்பது நாற்பது தாள்களில் சிலேட்டு பளிச்சென்று இருக்கிறது. அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர் புகையாக நிற்கிறார்.

"போலீஸ்காரன் பிடிச்ச திருடன் மாதிரி நிக்கேன்" என்பார்.

நிஜமான படம் ஒன்றுகூட நான் எடுக்கவில்லை. எடுக்கலாம், எங்கே போகப்போகிறார் என்று இருந்துவிட்டேன்.

இடது கன்னம்

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தோம். மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள்; கிதிர்பூர் டாக்கிலேயே ஓய்வு பெற்றார். ஊரில் வெற்றிலையைத் தொட்டதில்லை. இங்கே வந்து டாக்கின் வாசலில் ஜர்தாப் புகையிலை போட்ட பான் பழகிக்கொண்டார். இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டால் ஒரு ஷிஃப்ட் ஓடிவிடும் என்பார். நான் சண்டை போட்டிருக்கிறேன், டப்பாவை ஜன்னல் வழியே எறிந்திருக்கிறேன். அடுத்த நாள் வேறு டப்பா வந்துவிடும்.

அந்த மழைக்காலத்தில் கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. ஆறாத புண். சதையை எடுத்துச் சோதித்தார்கள். இடது கன்னத்தையும் கீழ்த்தாடையில் பாதியையும் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பதினோரு நாள் கழித்து, வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்.

வீட்டுக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது சண்முகம் சொன்னார்.

"ஜானு, வெட்டுததுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்திரு."

"எடுத்திருவோம்."

"டெஸ்ட் இல்ல. படம். சிலேட்டு கிலேட்டெல்லாம் வேண்டாம், முழு மூஞ்சி தெரியணும்."

ஃபோனில் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஃபோனில் நிறையவே இருந்தன. கல்யாணப் பந்தியில், ஹவுரா ஸ்டேஷனில் பெட்டிகளுக்கு நடுவில், வாய் நிறைய பானோடு. அதெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. "நீ எடுத்ததுன்னு ஒண்ணு வேணும்ட்டி" என்றார். அவர் என்னிடம் கேட்டு வாங்கியது என்று வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

ஒரே எண்ணெயில் பொரித்த லூச்சி

அன்றைக்கே அலமாரியைத் திறந்து என் லென்ஸை எடுத்தேன். உள்கண்ணாடி முழுக்கப் பூஞ்சை. கல்கத்தா மழையில் தோல் செருப்பே பச்சை பூக்கும். லென்ஸ் எந்த மூலைக்கு? துடைக்கக்கூடிய நிலையில் இல்லை.

தர்மதலா பக்கம் ஒரு சந்தில் நிமாய்தா இருக்கிறார். கேமரா பழுது பார்ப்பவர். கடை என்றால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. விஷயத்தைச் சொல்லாமல், முகம் எடுக்க ஒரு லென்ஸ் வேண்டும், அவசரம் என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டு தகர டப்பாக்களை இறக்கி வைத்தார்.

ஒன்று ஜெர்மன் லென்ஸ். கண்ணாடியில் நீலப் பூச்சு, இறுக்கமான ஷட்டர். இன்னொன்று இங்கிலாந்து லென்ஸ், அதைவிட மூத்தது. பித்தளை உடம்பு, பூச்சு கிடையாது, திறப்பு வட்டமாக நிலா மாதிரி மூடும். மற்றபடி குவியத் தூரம் ஒன்று, திறப்பின் அளவு ஒன்று, உள்ளே நாலு நாலு கண்ணாடி.

"எது நல்லது, நிமாய்தா?"

அவர் பேசியது வங்காளத்தில். நான் தமிழில் தருகிறேன்; லூச்சி என்றால் இந்த ஊர்ப் பூரி, தீதி என்றால் அக்கா. "ரெண்டும் ஒரே எண்ணெயில் பொரித்த லூச்சி, தீதி. ரெண்டையும் கொண்டுபோங்க. பிடிச்சதை வெச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்க."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரே ஒரு டப்பாவைக் கையில் கொடுத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பத்து நாள்

எனக்கு இருந்தது பத்து நாள். முதல் நாள் அந்த இரண்டு லென்ஸையும் கேமராவில் மாட்டும் பலகையில் பொருத்தினேன். இரண்டாம் நாள் எதிர்வீட்டுச் செங்கல் சுவரை இரண்டிலும் எடுத்தேன். மூன்றாம் நாள் மழை. நாலாம் நாள் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, மூலை எழுத்து வரைக்கும் பார்த்தேன். இதற்கெல்லாம் எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் பயன்படுத்திக்கொள்வேன், மலிவாகக் கிடைக்கும்.

இணையத்தையும் விடவில்லை. ஜெர்மன் லென்ஸ் முகத்துக்கு ஆகாது, தோலை உரித்துக் காட்டும் என்று எவனோ ஒருவன் எழுதியிருந்தான். இங்கிலாந்து லென்ஸ் எல்லாவற்றையும் கஞ்சியாக்கிவிடும் என்று அடுத்தவன். அவர்கள் அடித்துக்கொண்டதை நான் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். வேலையற்றவன் பூனையைச் சிரைத்த கதைதான்.

சண்முகம் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, செங்கலுக்கெல்லாம் ஆப்பரேஷனா?"

"பொறுங்க. ஒரே தடவை எடுக்கப்போறோம். நல்லா வரணும்லா."

இப்போது யோசித்தால் எனக்குத் தெரிகிறது. படம் எடுத்துவிட்டால் அடுத்தது ஆஸ்பத்திரி. சோதனை நடக்கும் வரை அது நடக்காது என்று நான் எங்கோ நம்பிக்கொண்டிருந்தேன். இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர்களைக் கடித்துக் குதறியிருப்பேன்.

சுவரில் இரண்டு லென்ஸும் ஒன்று போலவே வந்தன. அப்படியானால் தோலில் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம் அதற்கு உதவாது. சிவப்பைக் கறுப்பாகக் காட்டும், அவர் உதடு தார் பூசியது போல் வரும். நல்ல ஃபிலிம் என்னிடம் இரண்டே தாள். ஒரு தாளைச் சோதனைக்கு, ஒன்றைப் படத்துக்கு என்று பிரித்தேன்.

பாதி மூடி

ஒரே தாளில் இரண்டு லென்ஸையும் சோதிக்க ஒரு வழி உண்டு. தாளை வெளிச்சம் படாமல் காக்கும் மூடி ஒன்றை நெடுக்கே பாதியாக அறுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் லென்ஸில் எடுக்கும்போது அந்தப் பாதி மூடி தாளின் ஒரு பக்கத்தை மறைக்கும். லென்ஸை மாற்றி, மூடியையும் மறுபக்கம் மாற்றி, மிச்சத்தை எடுக்கலாம். கழுவினால் ஒரே முகம், பாதி ஒரு லென்ஸில், பாதி இன்னொன்றில். ஒரே தோல், ஒரே ஜன்னல், ஒரே ரசாயனம். வித்தியாசம் இருந்தால் அங்கே ஒளிய முடியாது. கேமரா அறையில் எனக்கு இதற்காகப் பாராட்டு கிடைத்திருக்கிறது.

அப்படித்தான் அந்தக் காலையில், வியாழனுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அவர் ஒட்டடைக் கம்பில் தலையைச் சாய்த்தார். முதலில் ஜெர்மன் லென்ஸில் அவருடைய இடது பாதி. நான் எதையோ தேடி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், அதைக் கேட்டு அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அழுத்தினேன். லென்ஸைக் கழற்றினேன். ஃபோன் வந்தது.

"அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு இங்கிலாந்து லென்ஸை மாட்டினேன். கறுப்புத் துணிக்குள் போய்க் கூர்மை வைத்தேன். மூடியை மாற்றினேன். வலது பாதியையும் எடுத்தேன். என் கை நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவர் எழுந்துகொள்ளவில்லை.

"இன்னொரு தாள் இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்ப எடுத்திரேன். எதுலயாவது ஒண்ணுல எடுத்திரு ஜானு. எதுன்னாலும் சரிதான்."

வெளிச்சம் நன்றாக இருந்தது. லென்ஸ் மாட்டியபடி இருந்தது. தாள், அதை வைக்கும் ஹோல்டரின் மறுபக்கத்தில் தயாராக இருந்தது. திருப்பிப் போட்டு ஒரு தடவை அழுத்தினால் முடிந்தது.

"மணி பத்துதானே ஆகுது. கழுவிப் பாத்துட்டு, எது நல்லா வந்திருக்கோ அதுல எடுப்போம்" என்றேன்.

சரி என்பது போல் கையைத் தூக்கினார்.

மீசை

குளியலறைதான் என் இருட்டறை. கழுவி, நிலைப்படுத்தி, அலசி, ஈரத்தோடு விளக்குக்கு முன்னால் பிடித்து உருப்பெருக்கியில் பார்த்தேன். மீசை மயிரை இரண்டு பக்கமும் ஒன்று ஒன்றாகப் பார்த்தேன். இமையைப் பார்த்தேன். எனக்கு எதுவும் முடிவாகவில்லை. காயட்டும், காய்ந்தால் தெரியும் என்று இன்னும் அரை மணி நேரம் உள்ளேயே நின்றேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது கூடத்தில் ஓர் ஆள் பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மீசை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படத்திலேயே அவருக்கு மீசை உண்டு. நான் அவரை அது இல்லாமல் பார்த்ததே கிடையாது. மேல் உதடு வெளுத்து, ஈரமாக, வேறு யாருடையதோ போல் இருந்தது.

"ஃபோன்ல சொன்னாங்க, சவரம் பண்ணிட்டு வரணும்னு. நீ உள்ள இருந்த. கீழ போயி பார்பர்ட்ட எடுத்துட்டு வந்துட்டேன்."

"சொல்லியிருக்கலாம்லா! கதவைத் தட்டியிருக்கலாம்லா!"

"கதவைத் திறந்தா வெளிச்சம் பட்டுரும்னு நீதானே சொல்லுவ."

நான் கேமராவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இனி வேண்டாம். இது நான் இல்ல" என்றார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மூன்றரைக்கு டாக்ஸி ஏறினோம்.

சிலேட்டு

ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதப் போவதில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். இடது பக்கம் தாடை இல்லை. தொடையிலிருந்து எடுத்த தோலை அங்கே தைத்திருந்தார்கள். பேச்சு வரவில்லை. எழுத ஏதாவது கொடு என்று கையைக் காட்டினார். கைக்குக் கிடைத்தது அந்தச் சிலேட்டுதான். பழைய லென்ஸ் எண்ணை அழித்துவிட்டுக் கொடுத்தேன்.

"தண்ணி." "ஃபேன்." "வலி." இப்படிச் சில வாரம் ஓடியது. ஒரு மத்தியானம் எழுதினார்: "கழுவினியே, அது எங்க?"

அச்சுப் போட்டு வைத்திருந்தேன். காட்டாமல் ஒளித்து வைத்திருந்தேன். கொடுத்தேன்.

அதில் லென்ஸ்களுக்கு நடுவே எந்த வித்தியாசமும் இல்லை. நான் நூறு தடவை பார்த்தாகிவிட்டது. வித்தியாசம் அவரில் இருந்தது. இடது கண்ணோரம் சுருங்கி, வாய் ஓரம் மேலே ஏறி, சிரிக்கப்போகிறார். வலது கண் அகன்று, எதையும் பார்க்காமல் நிற்கிறது. ஃபோனுக்குப் பிறகு தலை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. அதனால் உதட்டுக் கோடு மூக்குக்கு நேர்கீழே உடைந்து, வலது பாதி அரை விரல் கீழே கிடக்கிறது. வரைபடத்தில் ஒரு நதி இப்படி உடைந்திருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்போம்.

அவர் உள்ளங்கையால் வலது பாதியை மூடி, சிரிக்கிற பாதியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை மூடி மற்றதைப் பார்த்தார். சிலேட்டை எடுத்தார்.

"இந்தப் பக்கம் போச்சு" என்று எழுதினார். அழித்துவிட்டு மறுபடி எழுதினார். "இருக்கவன் பயந்தவன்."

நான் அழுதேன். அவர் சிலேட்டின் மூலையால் என் தலையில் மெல்லத் தட்டினார்.

குளிர்காலத்தில் அது திரும்பி வந்தது. இந்த முறை வெட்டுவதற்கு இடம் இல்லை என்றார்கள். மாசி பிறக்கும்போது போய்விட்டார்.

பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் அல்லவா? தூத்துக்குடியிலிருந்து வந்த என் கொழுந்தன் வீடெல்லாம் தேடினான். நெகட்டிவ் பெட்டியில் நாற்பது சிலேட்டுகளைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினான். துறைமுக அடையாள அட்டையை எடுத்துப்போய், பெஹாலா சௌராஸ்தா பக்கத்தில் ஒரு கடையில் பெரிதாக்கிக்கொண்டு வந்தான். கடைக்காரர் தானாகவே நீலப் பின்னணி வைத்து, கோட்டும் மாட்டிவிட்டிருந்தார். சண்முகம் ஆயுளில் கோட்டுப் போட்டதில்லை. கேமராக்காரி வீட்டுச் சுவரில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது.

ஏதாவது ஒன்று

இரண்டு டப்பாவும் என்னிடமே இருந்தன. நிமாய்தா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெயில் ஏறிய ஒரு நாள் எடுத்துக்கொண்டு போனேன். நெகட்டிவையும் ஏனோ பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"எது பிடிச்சது தீதி?" என்று கேட்டார்.

நெகட்டிவை அவருடைய விளக்குப் பெட்டியின் மேல் வைத்தேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை. பாதி மூடி வித்தையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கத்து லென்ஸ் நல்லா இருக்கு. இதை வெச்சுக்கங்க" என்று சிரிக்கிற பாதியில் விரலை வைத்தார். பிறகு மற்றப் பாதிக்கு நகர்த்தினார். "இது வேண்டாம். இந்த லென்ஸ் முகத்தில் உயிரே இல்லாமப் பண்ணுது."

"லென்ஸ் இல்ல நிமாய்தா. நடுவில ஒரு ஃபோன் வந்தது."

அவருக்கு உடனே புரியவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும், மீசை வரைக்கும் சொன்னேன். அவர் உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, விளக்குப் பெட்டியை அணைத்தார். வெளியே டிராம் பாதையில் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"எதைத் தரட்டும் தீதி?" என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு டப்பாவும் அவர் முன்னால் இருந்தன.

"எதுன்னாலும் சரிதான்" என்றேன். "ஏதாவது ஒண்ணு குடுங்க."

கைக்கு அருகில் இருந்ததை எடுத்து நீட்டினார். எது என்று பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த இரண்டாவது நல்ல தாள் இன்னும் ஹோல்டரில், எடுக்காமலே இருக்கிறது.